கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு தோளையும் சோதியுங்கள்

அரசு மருத்துவமனைகளின் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைப் பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

கழுத்துத் தண்டுவட ஆபரேஷனுக்குப் பிறகு, தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும் உதவும் சி5 நரம்பு செயலிழப்பது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு வருகிறது; பின்பக்கம் திறந்து எலும்புத் தகட்டை எடுத்துத் திருகு போட்டவர்களுக்கு இன்னும் அதிகம். தண்டுவடம் பின்னோக்கி நகரும்போது குட்டையான சி5 நரம்பு வேர் இழுபடுகிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். கைதேர்ந்த மருத்துவர் பிழையின்றிச் செய்தாலும் இது வரும். அதற்காக யார் மீதும் இயன்முறை மருத்துவர்களான எங்களுக்குக் கோபம் இல்லை.

கோபமெல்லாம் அது வந்த பிறகு யார் கண்ணிலும் படாமல் போவதைப் பற்றியதுதான்.

ரவுண்ட்ஸில் என்ன கேட்கிறார்கள்? "விரலை மடக்குங்க, நீட்டுங்க, என் கையை அழுத்திப் பிடிங்க." விரல்களும் பிடியும் பெரும்பாலும் சி8, டி1 நரம்புகளின் வேலை. சி5 முழுதாகப் போனாலும் பிடி உறுதியாகவே இருக்கும். கை அசைவு நன்றாக உள்ளது என்று குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது. படுத்திருப்பவரிடம் தோளைத் தூக்கச் சொன்னவர் யாரும் இல்லை. அதோடு, இந்தப் பலவீனம் பலருக்கு முதல் நாளில் தெரிவதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, சிலருக்கு ஒரு வாரம் தாண்டியும் தலைகாட்டும். அதற்குள் அவர் வீட்டில் இருப்பார்.

வீட்டில் அவர் சோற்றைப் பிசைகிறார், உருண்டை பிடிக்கிறார், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. தட்டை நோக்கிக் குனியலாம் என்றால் கழுத்தில் காலர். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கி ஒவ்வொரு கவளமாக உண்கிறார். விரல்தான் அசைகிறதே, ஆபரேஷன் அசதியாக இருக்கும் என்று வீட்டார் எண்ணெய் தேய்க்கிறார்கள். எழுப்பும்போது அந்தக் கையையே பிடித்து இழுக்கிறார்கள். தாங்கிப் பிடிக்கத் தசை இல்லாத தோள்மூட்டு கீழே இறங்குகிறது, பிறகு இறுகுகிறது. பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் நரம்பு திரும்பிவிடும். ஆனால் திரும்பும்போது மூட்டு உறைந்திருந்தால் அந்தக் கை தலை வாரக்கூட உதவாது.

எங்கள் கோரிக்கை ஒன்றே: தோளைச் சோதித்து எழுதுங்கள். ஆபரேஷனுக்கு முன்பு ஒருமுறை, பின்பு தினமும், டிஸ்சார்ஜ் அன்று, தையல் பிரிக்க வரும் அன்று. முழங்கையை மடக்கி, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கச் சொல்லி, முழங்கைக்கு மேலே அழுத்திப் பாருங்கள். பிறகு உள்ளங்கை மேல்நோக்கியிருக்க முழங்கையை மடக்கச் சொல்லி எதிராக இழுங்கள். இரண்டு பக்கமும் ஒப்பிட்டு 0 (அசைவே இல்லை) முதல் 5 (முழு பலம்) வரை எண்ணில் குறியுங்கள். ஒரு நிமிட வேலை.

எண் இறங்கினால் எம்.ஆர்.ஐ. எடுத்து, தண்டுவடத்தை அழுத்தும் ரத்தக்கட்டு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிடியோ காலோ கூடச் சேர்ந்து தளர்ந்தால் அது அவசர நிலை. ரத்தக்கட்டு இல்லையென்றால் எங்களிடம் உடனே அனுப்புங்கள்: நிற்கும்போது கைத்தூளி, படுக்கும்போது கைக்கு அடியில் தலையணை, தினமும் பலமுறை பிறர் உதவியோடு மூட்டு அசைவு. ஆறு மாதமாகியும் தசையில் துடிப்பே இல்லையென்றால் நரம்பு மாற்றுச் சிகிச்சை (வேலை செய்யும் வேறொரு நரம்பை அந்தத் தசைக்கு இணைப்பது) பற்றி யோசிக்கும் நேரம் அது. ஒன்றரை வருடம் கழித்து அனுப்பினால் நரம்பை ஏற்கும் தசையே மிஞ்சியிருக்காது.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் "நரம்பு பாதிக்கப்படலாம்" என்று ஒரு வரி, கீழே கைரேகை. நெல் தூற்றுகிறவருக்கும் செங்கல் ஏற்றுகிறவருக்கும் தோள்தான் பிழைப்பு. தோள் தூக்க முடியாமல் போகலாம், பெரும்பாலும் திரும்பும், தெரிந்த அன்றே வாருங்கள் என்று தமிழில் சொல்ல நான்கு வரி போதும். அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

உங்கள் வேலைப்பளு எங்களுக்குத் தெரியும். பயிற்சி மருத்துவரோ செவிலியரோ நாங்களோ, யார் சோதித்தாலும் சரி. டிஸ்சார்ஜ் சம்மரியில் தோளுக்கென ஒரு கட்டம் போட்டு, அது நிரம்பாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று உங்கள் பிரிவுக்கு உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் சிலர்