தேதி இல்லாத வெள்ளம்

மன்னார்குடி

அன்புள்ள தம்பி கதிரவனுக்கு, அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நலம். சம்பா நடவு முடிந்து களையெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. பாமணியாற்றில் தண்ணீர் கரைக்கு உள்ளேதான் ஓடுகிறது. சென்ற வாரம் நள்ளிரவில் நீ தோஹாவிலிருந்து பதறிப்போய் அழைத்தாயே, அதனால்தான் ஆற்றைப் பற்றி முதலிலேயே எழுதிவிட்டேன். முக்கொம்பில் மதகுகள் உடைந்துவிட்டன, விடிவதற்குள் மன்னார்குடியும் திருத்துறைப்பூண்டியும் மூழ்கிவிடும் என்ற குறிப்போடு வந்த காணொளியை நீ நம்பியதோடு நில்லாமல், அங்குள்ள நம் ஊர்ப் பிள்ளைகளின் குழுவுக்கும் அனுப்பியிருக்கிறாய். இவ்வளவு தூரத்தில் இருப்பவன் எது உண்மை, எது பொய் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று கேட்டாய். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற பதிலாக அது தோன்றாததால் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காணொளியையே எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது நடந்த நிகழ்ச்சிதான். 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த பழைய மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அப்போது எடுத்த காட்சியைத்தான் யாரோ இந்த ஐப்பசி மழையில் புதிதாக நடந்ததுபோலச் சுற்றுக்கு விட்டிருக்கிறார். அதன் பிறகு அங்கே புதிய கதவணையே கட்டப்பட்டுவிட்டது. இன்று உலவும் பொய்களில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது என்பதை நீ மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். படத்தைப் புதிதாகப் புனைவதற்கு உழைப்பு வேண்டும். ஆனால் உண்மையான படத்திலிருந்து தேதியையும் ஊரையும் உரித்துவிட்டு வேறொன்றை ஒட்டுவதற்கு ஒரு வரி போதும்.

இன்னொன்றையும் நீ கவனிக்கத் தவறிவிட்டாய். காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடம் முக்கொம்பு. அங்கே கொள்ளிடம் பக்கத்து மதகு உடைந்தால் தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கி வடக்கே போய்க் கடலில் சேரும். காவிரியிலிருந்து பிரிகிற வெண்ணாற்றின் பாசனத்தில் இருக்கும் நமக்கு வெள்ளம் வராது. வர வேண்டிய தண்ணீர்தான் குறையும். 2018இல் நம் பக்கத்து விவசாயிகள் கவலைப்பட்டதும் அதற்காகத்தான். இந்த மண்ணில் வளர்ந்த உனக்கு இது தெரியாததல்ல. ஆனால் அச்சம் வந்தவுடன், தெரிந்தது எல்லாம் பின்னால் போய்விடுகிறது. தண்ணீர் விட்டாச்சு என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம் ஊர்க்காரர்கள் உடனே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதில்லை. மேட்டூரிலா, கல்லணையிலா, எந்தத் தேதியில், எத்தனை கன அடி என்றுதான் கேட்பார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும் என்பதும், அதன் பிறகு கடைமடைக்கு வர இன்னும் எத்தனையோ நாள் ஆகும் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். கைப்பேசிக்கு வருகிற செய்தியிடமும் அதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் பரப்பிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018இல் சயன்ஸ் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 1,500 பேரைச் சென்றடைவதற்கு உண்மைச் செய்திக்குப் பொய்யைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்ததாம். தானாக இயங்கும் போலிக் கணக்குகள்தான் இதற்குக் காரணம் என்று பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் அவை உண்மையையும் பொய்யையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பரப்பின என்றும், வேறுபாட்டை உண்டாக்கியவர்கள் மனிதர்களே என்றும் அவர்கள் கண்டார்கள். பொய் புதுமையாக இருக்கிறது, வியப்பையும் அருவருப்பையும் தூண்டுகிறது. ஆகவே கை தானாகவே பகிர்கிறது. வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாமல் செய்ததும், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும் அனுப்பும்படி 2020 ஏப்ரலில் மேலும் சுருக்கியதும் இந்தக் கையைச் சற்றுத் தடுக்கத்தான். நீ அனுப்பிய காணொளியின் மேலும், அப்படிப் பலமுறை கைமாறிய செய்திக்கு வாட்ஸ்அப் இடுகிற இரட்டை அம்புக்குறி இருந்தது. அது பொய் என்பதற்கான முத்திரையன்று. எடுத்தவரை யாருக்கும் தெரியாத அளவுக்குப் பல கை மாறி வந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்த காலத்தில் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கடையில் பிளாஸ்டிக் அரிசி போடுகிறார்கள் என்ற புரளி உனக்கு நினைவிருக்கும். 2017இல் ஆந்திரம், தெலங்கானா பக்கம் சோற்றை உருண்டையாகப் பிடித்துத் தரையில் அடித்து, அது பந்துபோல் எழும்புகிறது என்று காட்டிய காணொளிகள் பரவின. எந்தச் சோற்றையும் அழுத்தி உருட்டினால் அதிலுள்ள மாவுச்சத்து ஒட்டிக்கொண்டு, இடையே காற்றும் அடைபட்டுக் கொஞ்சம் எழும்பத்தான் செய்யும். அரிசியைவிடப் பிளாஸ்டிக் விலை கூடுதல் என்பதால், கலப்படம் செய்கிறவனுக்கு நட்டம்தான் மிஞ்சும் என்பதையும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தப் புரளி ஓய்ந்துவிட்டது என்று நினைத்திருந்த வேளையில், 2023இல் செறிவூட்டப்பட்ட அரிசி எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது.

அந்த அரிசி வந்த முதல் மாதமே தெருக்கோடி அத்தை முந்தானையில் ஒரு பிடி அரிசியை முடிந்துகொண்டு வந்து, கழுநீரில் மிதந்ததாகச் சொல்லி எடைத் தராசின் மேல் கொட்டினார். நான் முறத்தில் பரப்பிப் பார்த்தேன். புழுங்கல் அரிசிக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக, வெளிறிப்போய், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் சில மணிகள் கிடந்தன. அத்தை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த மணிகள் வயலில் விளைந்தவை அல்ல. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் ஆகியவற்றைக் கலந்து, இயந்திரத்தில் பிழிந்து அரிசி வடிவில் வெட்டி எடுத்து, நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ வீதம் கலந்தார்கள். எடை குறைவாக இருப்பதால் களையும்போது சில மிதக்கும். வீட்டு அடுப்பில் பழைய கரண்டியை வைத்து அந்த மணிகளை அத்தையின் கண்ணெதிரே சுட்டுக் காட்டினேன். பிளாஸ்டிக்காக இருந்தால் உருகி இழுபட்டிருக்கும். அவை கருகின, அரிசி தீய்ந்த வாடைதான் அடித்தது. அத்தை அரை மனத்தோடு போனார். ஆனாலும் மறுமாதம் அதே அரிசியை வாங்கிச் சமைத்தார்.

இதில் என் மனத்தை உறுத்துவது வேறு. வதந்திகளை நம்ப வேண்டாம் என்ற ஒற்றை வரி அறிவிப்பைக் கடைச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினோம். மிதக்கிற அந்த மணி என்ன, ஏன் கலக்கிறார்கள் என்பதை விளக்க அதில் ஒரு வரிகூட இல்லை. கண்ணால் கண்டதற்கு விளக்கம் கிடைக்காதபோது, முதலில் யார் விளக்கம் சொல்கிறாரோ அவரைத்தான் மக்கள் நம்புவார்கள். இங்கே முந்திக்கொண்டது பிளாஸ்டிக் கதை. அதைவிடக் கெடுதல் ஒன்றும் நடந்தது. இரும்புச்சத்து கூட்டிய உணவைத் தாலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள் மருத்துவ மேற்பார்வையில்தான் உட்கொள்ளலாம் என்ற எச்சரிக்கை உறையில் இருக்க வேண்டும் என 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் கூறின. அந்த எச்சரிக்கை எங்கே என்பதுதான் கடைக்கு வந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சாக்கைப் பிரித்துச் சில்லறையாக எடை போடும் இடத்தில் அந்த எச்சரிக்கை யார் கண்ணில் படும் என்றும் கேட்டிருக்கலாம். பிளாஸ்டிக் கூச்சலில் அந்தக் கேள்வி எழவே இல்லை.

பத்து ரூபாய் நாணயத்தின் கதையும் உனக்குத் தெரியும். பதினான்கு வடிவங்களிலும் உள்ள நாணயங்கள் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும் எத்தனையோ கடைகளில் அதை வாங்க மறுத்தார்கள். அங்கே காணொளி இல்லை, இணையம்கூட வேண்டியிருக்கவில்லை; அடுத்தவர் வாங்க மாட்டார் என்ற ஐயம் ஒன்றே போதுமாக இருந்தது.

ஆனால் இவை எல்லாமே சிரித்துவிட்டுப் போகக்கூடியவை அல்ல. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிச் சென்ற சென்னைப் பெண்மணி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். வயது அறுபதைத் தாண்டியவர். அந்த மாதங்களில் நாடெங்கும் உலவிய காணொளிகளுள் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அவர்கள் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு, எச்சரிக்கைப் பலகையைக் காட்டுகிற கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் பரப்பினார்கள். ஆகவே காணொளி சட்டென்று முடிந்தால், முடிந்துவிட்டதா அல்லது முடிக்கப்பட்டதா என்று ஐயப்பட வேண்டும்.

2023 மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வந்த காணொளிகளும் இப்படிப்பட்டவைதான். பரவியவற்றுள் ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த பழைய சண்டை, மற்றொன்று உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த சண்டை என்று காவல்துறை விளக்கியது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களால் ரயில் நிலையங்களில் வழக்கமாகக் கூடுகிற கூட்டத்தையும் உயிர் தப்பி ஓடுகிறவர்கள் என்று காட்டினார்கள். நம் வயல்களில் இப்போது நாற்று நடுவதற்கே வடக்கிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுடைய தாய்மார்களும் அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நீ என்னை அழைத்ததுபோலவே தங்கள் பிள்ளைகளை அழைத்திருப்பார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

சரி, நீ என்ன செய்யலாம்? காணொளியை நிறுத்தி, தெளிவான ஒரு காட்சியைப் படமாக எடுத்து, கூகுள் லென்ஸில் தேடு. இதற்குமுன் எங்கேயாவது வெளியாகியிருந்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அகப்படவில்லை என்பதற்காக அது புதியது என்று முடிவுகட்டிவிடாதே. கடைப் பலகைகளின் மொழி, வண்டிகளின் எண் பலகை, வயலில் நிற்கும் பயிர் ஆகியவற்றைப் பார். தை மாதத்து வெள்ளம் என்கிறார்கள், வயலிலோ நாற்றங்கால் தெரிகிறது என்றால் உனக்கே புரியும். அணை உடைவது போன்ற பெரிய செய்தி ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் தெரிந்து, எந்த நாளிதழுக்கும் தொலைக்காட்சிக்கும் தெரியாமல் இருக்காது. தமிழில் யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் இருக்கின்றன. மாநில அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் சரிபார்ப்புப் பிரிவுகள் உண்டு. அரசு தன்னைப் பற்றிய செய்தியைத் தானே பொய் என்று சொல்லும்போது மட்டும் அதையும் ஒரு தரப்பின் கூற்றாகவே எடுத்துக்கொள். ஒன்றிய அரசின் பிரிவுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்த 2023ஆம் ஆண்டு விதித் திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது என்பது நாளிதழ்களில் வந்த செய்திதான். வெள்ளம், புயல் என்று எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டால், இங்கே மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண் உண்டு. நீ என்னிடம் கேட்டால் நான் அதில் விசாரித்துச் சொல்கிறேன்.

நீ அனுப்பியதைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொன்னாய். அது போதாது. பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள், அவர்களில் சிலர் வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருப்பார்கள். இது 2018ஆம் ஆண்டுக் காணொளி என்று அதே குழுவில் எழுதிப் போடு. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். கொள்ளிடக் கரையில் இருக்கிற அணைக்கரை ஊரில் உன் சித்தி அந்தக் காணொளியை நம்பி அன்று இரவே மாட்டை அவிழ்த்துச் சாலை மேட்டில் கட்டிவிட்டு, விடியும்வரை மழையில் நின்றிருக்கிறாள். அவளுக்கும் ஒருமுறை பேசிவிடு.

இன்னொன்று மட்டும் மீதம் இருக்கிறது. இப்போது ஒருவருடைய குரலைச் சில விநாடி பதிவிலிருந்தே கணினியால் அப்படியே போலி செய்ய முடிகிறது. என் குரலில் யாராவது அழுதுகொண்டு அவசரமாகப் பணம் கேட்டால் நீ எதுவும் பேசாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உன்னிடம் உள்ள என் பழைய எண்ணுக்கு நீயே அழை. நீ பிறந்த ஆண்டு நம் வீட்டில் இருந்த பசுவின் பெயரைக் கேள். அதை நாம் எந்தக் குழுவிலும் எழுதியதில்லை, இனியும் எழுத வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் எனக்குச் சொல்; இங்கிருந்து 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் நாங்கள் புகார் கொடுக்கிறோம். என் எண் கிடைக்கவில்லை என்றால் அப்பாவின் எண்ணுக்கு அழை. அவர் கைப்பேசியை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விடுவார், ஆகவே இரண்டு மூன்று முறை அடித்துப் பார்.

அன்புடன்,
அம்மா