ஒரே ரிப்போர்ட் வரும், ஒரே விலை வராது

ஆசிரியருக்கு வணக்கம்,

ஐரோப்பிய யூனியன் நாடுகள் சேர்ந்து புது மருந்துகளை மதிப்பீடு பண்றத பத்தி போன இதழ்ல செய்தி போட்டிருந்தீங்க, சந்தோஷம், ஆனா கடைசி வரில "இனி 27 நாட்டுலயும் ஒரே விலை"ன்னு முடிச்சிட்டீங்க, அது தப்புங்க. நான் ஜெர்மனில கேன்சர் வார்டுல நர்ஸா இருக்கேன், அதனாலதான் எழுதுறேன்.

2025 ஜனவரி 12ல இருந்து கேன்சர் மருந்து, ஜீன் தெரபி, செல் தெரபி இதுக்கெல்லாம் கூட்டு மதிப்பீடு வந்திருக்கு, 2028ல அரிய நோய் மருந்தும் 2030ல மத்த புது மருந்தும் சேரும். முன்னாடி அதே ட்ரையல் ரிசல்ட்ட ஜெர்மனில ஐக்யூவிக், பிரான்ஸ்ல ஹெச்ஏஎஸ்னு அந்தந்த நாட்டு மருந்து மதிப்பீட்டு அமைப்புங்க தனித்தனியா உக்காந்து படிச்சாங்க. இப்ப சேர்ந்து ஒரு தடவை படிச்சு ஒரே ரிப்போர்ட் எழுதுறாங்க.

மருந்து வேலை செய்யுதா, பாதுகாப்பான்னு பாக்குறது ஐரோப்பிய மருந்து ஏஜென்சி. இந்தக் கூட்டு மதிப்பீட்டுல கேக்குறது, இப்ப கொடுக்குற வைத்தியத்தவிட இது எவ்வளவு மேல்னு. சிக்கலே அங்கதான், ஏன்னா "இப்ப கொடுக்குற வைத்தியம்" நாட்டுக்கு நாடு வேற, ஒவ்வொரு நாடும் எங்க மருந்தோட ஒப்பிட்டு சொல்லுன்னு கேக்கும், ஆனா கம்பெனி ட்ரையல்ல ஒண்ணோட மட்டும்தான் ஒப்பிட்டிருப்பாங்க. இன்னொண்ணு, ஸ்கேன்ல கட்டி சுருங்கினா மட்டும் போதுமா? போன வாரம் ட்ரிப்ஸ் ஏத்துறப்ப ஒரு பாட்டி என் கையப் பிடிச்சு கேட்டது, "வீட்டு மாடிப்படி ஏறிருவேனா"ன்னு. அந்தக் கேள்விக்கும் ரிப்போர்ட்ல பதில் இருக்கணும்னு நான் நெனைக்கிறேன், அதுக்கு நோயாளிங்கள நிறைய கேக்கணும்.

இப்ப விலைக்கு வர்றேன். இந்த ரிப்போர்ட் மருந்து இவ்வளவு காசு பெறும்னு சொல்லாது, வாங்கு வாங்காதன்னும் சொல்லாது, விலை பேசுறதும் இன்சூரன்ஸ்ல சேக்குறதும் அந்தந்த நாட்டு வேலை. சேர்ந்து விலை பேசுறது வேற ஏற்பாடு, 2021ல பெல்ஜியம், நெதர்லாந்து, அயர்லாந்து மூணும் ஒண்ணா நின்னு ஸோல்ஜென்ஸ்மாங்கிற ஜீன் தெரபி மருந்துக்கு பேசி முடிச்சாங்களே, அந்த மாதிரி.

என்கூட வேலை பாக்குற ருமேனியாக்காரப் பொண்ணோட அம்மாவுக்கும் கேன்சர். அவ இங்க தினமும் கையால ஏத்துற மருந்து அங்க இன்சூரன்ஸ்ல இன்னும் வரல, பிரேக்ல போன்ல அம்மாகிட்ட பேசிட்டு கண்ணத் தொடச்சிட்டு மறுபடி வார்டுக்கு வர்றா. அவகிட்ட போய் ஒரே விலை வந்திருச்சுன்னு எப்படிங்க சொல்றது? தயவுசெஞ்சு அடுத்த இதழ்ல திருத்தம் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஜெர்மனி