புல்தரைக்குப் போகும் போர்வெல் தண்ணீர்: எங்கள் ஊர்க் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் முதல்வர் அவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் வளாகத்தின் கிழக்குக் கம்பிவேலியை ஒட்டியிருப்பது எங்கள் மேய்ச்சல் காடு. என் மகள் உங்களிடம்தான் படித்தாள், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்த நன்றி எப்போதும் உண்டு. அதனால்தான் ஊரில் நாலு பேரிடம் புலம்பாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

வாசலில் 'பசுமை வளாகம்' என்று பலகை வைத்திருக்கிறீர்கள். விடுதிக் கூரையில் சோலார் போட்டது நல்ல வேலை. நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும், போட்ட காசு வீண் போகாது. என் மனத்தாங்கல் எல்லாம் முன்பக்கத்துப் புல்தரையைப் பற்றித்தான்.

சித்திரை மாதம், உச்சி வெயில். புல்தரையில் ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருந்தது. பாதித் தண்ணீர் காற்றில் போனது, மீதியில் கொஞ்சம் சிமெண்ட் நடைபாதையில் வழிந்து வேலியோரம் வந்து தேங்கியது. எங்கள் செம்மறிகள் கம்பிக்குள் முகத்தை நுழைத்து அந்த ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு எங்கள் கிணற்றில் தண்ணீர் கிடையாது, அடியில் சேறுதான். உங்கள் போர்தான் அதை வற்ற வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஊர் முழுக்க ஆயிரம் அடிக்குப் போர் போட்டிருக்கிறோம், அதில் எனக்கும் பங்குண்டு. ஆனால் ஆயிரம் அடியிலிருந்து ஏற்றும் தண்ணீரைப் புல்லுக்கு விடலாமா என்பதுதான் கேள்வி.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. கோடையில் புல்தரைக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் ஓர் ஏக்கருக்கு 20,000 லிட்டர் வேண்டும். நம் பக்கம் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஓர் ஏக்கர் கூரையில் விழும் அந்த மழையை ஒரு சொட்டு விடாமல் பிடித்தால் 24 லட்சம் லிட்டர். ஆக, ஒரு வருஷத்து மழை ஓர் ஏக்கர் புல்லுக்கு 120 நாள்தான் தாங்கும். 2003-லேயே மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. உங்கள் கூரைக் குழாய்கள் இறங்கும் தொட்டிகளில் சருகு அடைத்துக் கிடக்கிறது, ஒருமுறை திறந்து பாருங்கள்.

அப்புறம் விடுதிக் கழிவுநீர். ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்குப் போட்டால், ஆயிரம் பிள்ளைகள் இருக்கும் விடுதியிலிருந்து தினமும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் திரும்பி வரும். சுத்திகரித்தால் ஐந்து ஏக்கர் புல்லுக்கே போதும், போரைத் தொடவே வேண்டாம். சுத்திகரிப்பு நிலையமும் கட்டித்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் ராத்திரியில் அதற்குக் காற்று ஊதும் ப்ளோயர் சத்தம் கேட்பதில்லை. காற்று ஊதாமல் நிறுத்தி வைத்தால் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும் என்று என் மகள்தான் எனக்குச் சொன்னாள். உங்கள் வகுப்பில் படித்த பாடம் அது. கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறார்கள் போல. விடிந்தால் பள்ளத்தில் சாம்பல் நிற நுரை, மூக்கைப் பிடிக்கும் நாற்றம்.

இதைச் சின்ன விஷயம் என்று எங்களால் விட முடியவில்லை. பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவுத் தொட்டியாக மாறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற வரைக்கும் அதற்கான வழக்கு இழுத்தது. அதற்குள் எத்தனை தோட்டங்கள் உப்பேறிப் போயின.

சரி, புல்தரைக்குப் பதில் என்ன? வேலிக்கு இந்தப் பக்கம் பாருங்கள். எங்கள் கொறங்காட்டுக்கு, அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்கு, யாரும் தண்ணீர் விடுவதில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேலமரம். கோடையில் புல் காய்ந்து பழுப்பாகும், செத்துப்போனது மாதிரித்தான் இருக்கும். ஒரு மழை பெய்தால் நாலைந்து நாளில் தூரிலிருந்து பச்சை கிளம்பும். மரத்திலிருந்து உதிரும் காயைச் செம்மறி பொறுக்கித் தின்னும். காங்கேயம் மாடு இத்தனை தலைமுறையாக நின்று மேய்ந்த தரை இதுதான். உங்கள் தாவரவியல் துறைக்குப் பேருந்து ஏறாமலே பாடம் நடத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பிள்ளைகள் உட்காருவதற்குக் கொஞ்சம் புல் இருக்கட்டும், அதற்குச் சுத்திகரித்த தண்ணீரை விடுங்கள். யாரும் கால் வைக்காமல், பார்ப்பதற்கு மட்டும் இருக்கிற முன்பக்கத்து ஓர் ஏக்கரைக் கொறங்காடாக்குங்கள். ப்ளோயரை ராத்திரியும் ஓட விடுங்கள். போர் மோட்டாருக்கு ஒரு மீட்டர் மாட்டி, மாதாமாதம் எத்தனை லிட்டர் எடுத்தீர்கள் என்று அந்தப் பசுமைப் பலகைக்குக் கீழேயே எழுதிப் போடுங்கள். ஊர் பார்க்கட்டும்.

அடுத்த மழைக்கு முன்னால் எங்கள் வேலியிலிருந்து கிளுவைப் போத்து வெட்டித் தருகிறேன். கொழுக்கட்டைப்புல் விதையும் இரண்டு மூட்டை எடுத்து வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். வண்டி மட்டும் அனுப்புங்கள், கூடவே நடுவதற்குப் பத்துப் பிள்ளைகளையும்.

இப்படிக்கு,
கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கத்து விவசாயி