கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் ஆயக்கட்டு விவசாயப் பெருமக்களுக்கும் வணக்கம்.

கண்மாய் நிறைந்தும் கடைமடை (கால்வாயின் கடைசியில் நீர் பெறும் வயல்கள்) ஏன் காய்கிறது என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்விக்கு விடை காண்பதே இவ்வாண்டு சங்கத்தின் முதன்மைப் பணியாக இருந்தது. வைகையில் வெள்ளம் வரும் சில நாட்களுக்குள், பார்த்திபனூர் மதகணையிலிருந்து பிரியும் கால்வாய்கள் வழியே நீரைப் பிடித்தால்தான் உண்டு என்றிருக்கும் இராமநாதபுரம் மாவட்டத்தில், பாசனத்தின் திறனைக் கண்மாயின் நீர்மட்டத்தைக் கொண்டு மட்டும் அளப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

ஒரு மில்லியன் கன அடி நீர் ஏறக்குறைய 23 ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும். இக்கணக்கை நம் கண்மாயின் கொள்ளளவோடு வைத்துப் பார்த்த உறுப்பினர்கள், இத்தனை நீரும் எங்கே போயிற்று என்று கேட்டனர். நம் பக்கத்துக் கண்மாய்கள் பரப்பில் பெரியவை, ஆழத்தில் குறைந்தவை. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டாலும் இரண்டு மாதத்தில் ஓரடி நீரை வெயிலே குடித்துவிடும். ஆகவே, தை மாதத்துக்கு வேண்டுமென்று மடையை அடைத்து வைப்பது சிக்கனம் போலத் தோன்றினாலும், புழுதியில் விதைத்த நெல் கதிர் பிடிக்கும் சமயத்தில் ஒரு தண்ணீர் கொடுப்பதே கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து. குண்டு மிளகாய் போட்டிருக்கும் உறுப்பினர்கள் இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சீமைக்கருவேலமும் வண்டலும் அடைத்துக் கிடப்பதால், வெள்ளம் வேகமாக வரும் நேரத்தில் கால்வாய் அதைத் தாங்காமல் உடைப்பெடுக்கிறது. தூர்வார வேண்டி உரிய அலுவலகத்துக்கு நாம் அனுப்பிய மனுக்களுக்கு இதுவரை பதிலில்லை. முதல்மடைக்காரர்கள் முறை தவறித் திறந்ததும் கடைமடை காய்ந்ததற்குக் காரணமே. இரவில் மடையைத் திறந்தது யாரென்று விசாரித்தால், அன்றிரவு ஊரே தூங்கியிருக்கிறது.

வரும் பருவத்தில் வரத்துக்காலின் தலைப்பிலும், நடுமடையிலும், கடைமடை வயலிலும் அளவுகோல் நட்டு, மடை திறந்து வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்பாய்ச்சிகளைக் கொண்டு காலையும் மாலையும் நீரின் உயரத்தைக் குறித்து வைக்க நிர்வாகக்குழு பரிந்துரைக்கிறது. அதற்கான செலவு பொருளாளர் படிக்கவிருக்கும் கணக்கில் தனியாகக் காட்டப்பட்டுள்ளது. பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.