மலைக்கிராம நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், துணை சுகாதார நிலையத்திலிருந்து வந்திருக்கும் செவிலியர் சகோதரிக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சாலைக்கும் குடிநீருக்கும் மனு கொடுத்தோம். சேர்வராயன் கோயில் திருவிழாவில் வழக்கம்போல் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். இவ்வாண்டு செயற்குழுவின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது ரத்தப் பரிசோதனை ஆய்வு. அதை விரிவாகச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு வந்து ரத்தம் எடுத்துப் போனது பலருக்கு நினைவிருக்கும். படிவத்தில் கைநாட்டு வாங்கினார்கள், யாரும் படித்துக் காட்டவில்லை. முடிவு இன்றுவரை வரவில்லை. "என் ரத்தத்துல என்ன இருந்துச்சாம்?" என்று என் அம்மா இன்னமும் கேட்கிறார்.

அதனால் இம்முறை அரிவாள் அணு ரத்தசோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய்) பற்றி ஆய்வு செய்ய வேறொரு குழு வந்தபோது உடனே தலையாட்டவில்லை. பழங்குடி மக்களிடம் இந்நோயை 2047-க்குள் ஒழிக்க மத்திய அரசு 2023 ஜூலையில் இயக்கம் தொடங்கியிருக்கிறது. பரிசோதனை நமக்குத் தேவைதான். ஆனால் கேள்வித்தாளை முதலில் நாங்கள் பார்க்கிறோம் என்றோம்.

நம் மகளிர் குழுவினர் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். உணவுப் பட்டியலில் அரிசி, கோதுமை, பால் இருந்தன. சாமையும் ராகிக் களியும் காட்டுக்கீரையும் இல்லை. "நாங்க சாப்பிடுறதையே கேக்காம எங்க சத்தை எப்படிக் கணக்குப் போடுவீங்க?" என்றார் ஒரு அக்கா. அந்தக் கேள்வி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பட்டியல் திருத்தப்பட்டது. கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிக்க எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விடுவதால், பகலில் வந்தால் கிழவர்களும் கைக்குழந்தைகளும்தான் கிடைப்பார்கள் என்று சொல்லி, மாலை ஆறு மணிக்கு மேல் வரவைத்தோம்.

பெரிய கவலை வேறு. தாய், தந்தை இருவரும் நோய் வெளித்தெரியாமல் இக்குறையைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. ஆகவே ஒரு பெண்ணின் பரிசோதனை முடிவு ஊருக்குத் தெரிந்தால் சம்பந்தம் கலையும். முடிவை அவரவரிடம் தனியே சொல்ல வேண்டும், ஊருக்கு மொத்தக் கணக்கு மட்டும் போதும் என்றோம். ஒப்புக்கொண்டார்கள்.

எடுத்த ரத்தத்தை வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதிலும் உறுதியாக நின்றோம். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990-களில் நீரிழிவு ஆய்வு என்று நம்பிக் கொடுத்த ரத்தம், மனநோய், பூர்வீகம் பற்றிய ஆய்வுகளுக்கும் போனது. வழக்காடி, 2010-ல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு மிச்ச மாதிரிகளையும் திரும்பப் பெற்றார்கள். நமக்கு வழக்காட வசதியில்லை, முன்னதாகவே எழுதி வாங்கிக்கொண்டோம்.

ஊர்த் தலைவர் சம்மதித்தாலே போதும் என்று சில உறுப்பினர்கள் கருதினார்கள். அப்படியில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள்படி ஊர்ச் சம்மதம் தனியாள் சம்மதத்துக்கு ஈடாகாது. எழுதப்படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வுக்குழுவைச் சேராத சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தச் சாட்சியாக நம் பட்டதாரிப் பிள்ளைகள் வீடுவீடாகப் போனார்கள். வேண்டாம் என்றவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. சங்கம் பெருமைப்பட வேண்டியது இதற்குத்தான்.

ஒரு கோரிக்கை மட்டும் நிலுவையில் இருக்கிறது. ஆய்வுக்குழுவின் அறிக்கை அச்சாகும் முன் நம் ஊர்க் கூட்டத்தில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். இதற்குப் பொதுக்குழு இன்றே தீர்மானம் நிறைவேற்றித் தர வேண்டுகிறேன். அடுத்து வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்