மங்க் தீட்டிய வெயில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கோபன்ஹேகனில் மருத்துவர் யாக்கப்சனிடம் சிகிச்சை பெற்றுத் திரும்பிய பிறகே அவருடைய ஓவியங்களில் இருள் விலகி ஒளி புகுந்தது என்கிறார் கட்டுரையாளர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கு இடிக்கிறது.

ஹெல்சிங்கியின் அட்டெனியம் அருங்காட்சியகத்தில் உள்ள 'குளிக்கும் ஆண்கள்' என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தை அவர் தொடங்கியது 1907 கோடையில், ஜெர்மனியின் பால்டிக் கரையிலுள்ள வார்னமுண்டேயில். சிகிச்சைக்குச் சேர்ந்ததோ 1908 இலையுதிர் காலத்தில். இடுப்புத் துணியோடு கடற்கரையிலேயே நின்று அவர் இதைத் தீட்டும் புகைப்படமும் இருக்கிறது. ஆளுயரத்தைத் தாண்டிய அந்தத் திரைச்சீலையின் நடுவில் இருவர் கடலை விட்டு நேரே நம்மை நோக்கி நடந்து வருகிறார்கள். தோலின் நிறம் இன்னது என்று சொல்ல முடியாதபடி செம்மையும் மஞ்சளும் பச்சையும் நீலமும் குழைக்கப்படாத தீற்றல்களாகக் கிடக்க, சற்று எட்ட நின்று பார்க்கும்போதுதான் அவை வெயிலில் கன்றி இன்னும் ஈரம் உலராத உடம்புகளாகக் கூடி வருகின்றன. உருவங்களை ஒளியில் கரையவிட்ட இம்ப்ரெஷனிஸ ஓவியர்களின் வழி இதுவன்று. இங்கே வெயில் உடலை இறுக்கி நிறுத்துகிறது. முழு நிர்வாணம் என்பதால் ஹாம்பர்க் நகரில் ஓர் ஓவியக்கூடம் இதைக் காட்சிக்கு வைக்க மறுத்தது. 1911இல் அட்டெனியம் துணிந்து வாங்கியது.

கட்டுரையாளரின் வாதத்துக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் 'மராவின் மரணம்'. கொலையுண்டவன் படுக்கையில் கிடக்க, ஒரு பெண் ஆடையின்றி விறைத்து நிற்கும் அந்த ஓவியமும் அதே 1907ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான். 1902இல் காதலி துல்லா லார்சனுடன் நேர்ந்த சச்சரவில் துப்பாக்கி வெடித்து இடக்கை விரல் சிதைந்ததன் கசப்பு அதில் சற்றும் ஆறவில்லை. ஆக, நோயும் குடியும் மனக்கொதிப்பும் உச்சத்தில் இருந்த காலத்திலேயே அந்தக் கை வெயிலையும் தீட்டிக்கொண்டிருந்தது. சிகிச்சை அவருடைய உடல்நிலையைத் தேற்றியது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆஸ்லோ பல்கலைக்கழக மண்டபத்துக்காகப் பின்னாளில் அவர் தீட்டிய பிரம்மாண்டமான 'சூரியன்' மட்டும் கண்ணில் பட்டால் கட்டுரையாளரின் முடிவுக்கு வருவது எளிது. வார்னமுண்டேயைக் கணக்கில் எடுத்தால் அது நிற்காது.

'அலறல்' ஓவியத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கிய தாங்கள், 'குளிக்கும் ஆண்கள்' ஓவியத்தையும் வரும் இதழில் வண்ணத்தில், அரைப் பக்க அளவிலாவது வெளியிட வேண்டுகிறேன். கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதாக இருந்தால் வெளியிடாமலே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.