கானா ஊர்க் கற்சாடிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கானா ஊர்க் கலியாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கியது பற்றி உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். அந்த ரசம் போதை தருமா தராதா என்பதிலேயே எல்லோரும் நின்றுவிட்டார்கள். யோவான் சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்தில் 11 வசனங்களில் முடிந்துவிடும் கதை இது. விருந்தில் ரசம் தீர்ந்தபோது, யூத முறைப்படி கை கழுவவும் பாத்திரம் கழுவவும் வைத்திருந்த ஆறு கற்சாடிகளில் தண்ணீர் நிரப்பச் சொல்கிறார் இயேசு; மொண்டு கொண்டுபோனதைப் பந்திவிசாரிப்புக்காரன் ருசி பார்க்கும்போது அது ரசமாக இருக்கிறது. அதில் ரசத்தின் தரத்தைப் பற்றிய பேச்சு 10-ஆம் வசனத்தில் மட்டும்தான். ஜாடிகளும் அவற்றை நிரப்பிய வேலைக்காரரும் 6 முதல் 9 வரை நான்கு வசனங்களில் வருகிறார்கள். அதைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லை.

போதைப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். கானா இருந்த கலிலேயாவில் திராட்சை அறுவடை ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். யூதரின் பஸ்கா பண்டிகை சமீபமாயிருந்தது என்று 13-ஆம் வசனம் சொல்கிறது. அது மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும். பிழிந்த சாற்றை ஆறேழு மாதம் புளிக்காமல் வைக்க அன்று எளிய வழி கிடையாது. பழத்தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் இரண்டொரு நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடும். காய்ச்சிப் பாகாக்கி வைப்பதுண்டு, ஆனால் கலியாணப் பந்தியில் ஊற்றிக் கொடுக்கும் பானம் அதுவல்ல. அதற்காக நம்மூர் மதுக்கடை பாட்டிலையும் இதோடு சேர்த்துப் பேச முடியாது. ரசத்தோடு இரண்டு மூன்று பங்கு தண்ணீர் கலந்து குடிப்பதுதான் யூதர் வழக்கம். மதுவிலக்குக்கு ஆதரவாகவோ எதிராகவோ இந்தக் கதையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது வீண்வேலை.

ஜாடிகள் ஏன் கல்லில் இருந்தன? லேவியராகமம் 11-ஆம் அதிகாரம் தெளிவாகவே சொல்கிறது. செத்த எலியோ பல்லியோ மண்பாத்திரத்துக்குள் விழுந்தால் பாத்திரத்தை உடைத்துப்போட வேண்டும். மரம், துணி, தோல் என்றால் தண்ணீரில் போட்டுச் சுத்தமாக்கலாம். கல்லுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே கல் தீட்டை வாங்காது என்று யூத வேத ஆசிரியர்களான ரபீக்கள் கொண்டார்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒருமுறை வாங்கினால் உடைத்துப்போட வேண்டிய அவசியம் வராது.

நாசரேத்துக்கும், கானா என்று மரபாகக் கருதப்படும் கஃபர் கன்னாவுக்கும் இடையே உள்ள ரெய்னாவில், இப்படிக் கற்பாத்திரம் செய்த சுண்ணப்பாறைப் பட்டறை ஒன்றை இஸ்ரேல் தொல்லியல் துறை 2017-இல் அகழ்ந்தது. கோப்பைகளின் உட்புறத்தைக் கடைந்தபோது விழுந்த உருளைக் கழிவுகள் அங்கே குவிந்து கிடந்தன. பெரிய ஜாடி செய்வது அதைவிடக் கடினம். ஒரே பாறைத் துண்டைக் கனமான கடைசல் பொறியில் ஏற்றிக் குடைய வேண்டும். கி.பி. 70-இல் எருசலேம் எரிந்தபோது அழிந்த வீடுகளில் அந்த வகை ஜாடிகள் கிடைத்திருக்கின்றன. இதை வைத்து அற்புதம் நிரூபணமாகிவிட்டது என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்ப வேண்டாம். கதையில் வரும் பாத்திரம் அந்தக் காலத்துக்கும் அந்தப் பகுதிக்கும் உரியது என்பதற்கு மேல் தொல்லியல் எதையும் சொல்லவில்லை.

அடுத்து, அளவு. ஒவ்வொரு ஜாடியும் ‘இரண்டு மூன்று குடம்’ கொள்ளும் என்று தமிழில் படிக்கும்போது நம் கண்முன் வருவது இடுப்புக் குடம். பதினைந்து லிட்டருக்குள் அடங்கிவிடும். மூலத்தில் உள்ள கிரேக்க அளவை ஏறக்குறைய 39 லிட்டர். அப்படியானால் ஒரு ஜாடிக்கு 80 முதல் 120 லிட்டர் வரை, ஆறுக்கும் சேர்த்து 470 முதல் 700 லிட்டர் வரை. இத்தனை கனமான கற்சாடியைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போக முடியாது. இருக்கிற இடத்திலேயே வைத்துத்தான் நிரப்ப வேண்டும். 15 லிட்டர் குடத்தால் முழுவதும் நிரப்புவதென்றால் முப்பத்திரண்டிலிருந்து நாற்பத்தேழு நடை. விருந்து நடுவில் ரசம் தீர்ந்துபோன நேரத்தில், கை கழுவும் தண்ணீரைச் சுமந்து வா என்று சொன்னால் வேலைக்காரன் என்ன நினைத்திருப்பான்? விளிம்பு வரை நிரப்பினார்கள் என்கிறார் யோவான். வேறு எதையும் ஊற்றிக் கலக்க இடமில்லை என்பது அந்த ஒரு விவரத்திலேயே அடங்கிவிடுகிறது.

இந்த ஜாடிகளை வைத்துப் பிரசங்கங்களில் அடிக்கடி வரும் ஒரு தவறு உண்டு: ‘ஜாடிகள் காலி, ஆகவே யூத மார்க்கம் வெறுமை, ரசம் கிறிஸ்தவம்.’ ஜாடிகள் காலியாக இருந்தன என்று வசனம் சொல்லவே இல்லை. நிரப்பச் சொன்னார், அவ்வளவுதான். தண்ணீர் குறைந்திருந்தால் விருந்தாளிகள் முறைப்படி கை கழுவியதுதான் காரணமாக இருக்கும். ஒருவர் கைக்கு ஊற்ற யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா கேட்பது கால் லோக், ஏறக்குறைய ஒரு டீ கிளாஸ் தண்ணீர். கூடவே பாத்திரங்களையும் கழுவ வேண்டும். அவர்கள் கலியாணம் ஏழு நாள் நடக்கும். சிம்சோன் கலியாணமும் அப்படித்தான். ஆகவே தண்ணீர் குறைந்தது நியமத்தை மதித்ததன் அடையாளம். மணமகன், தாய், சீஷர், இயேசு எல்லோரும் யூதர். இயேசு அந்த ஜாடிகளை உடைக்கவில்லை, ஒதுக்கி வைக்கவும் இல்லை.

ரசம் இவ்வளவு ஏராளமாக வந்ததன் பொருளும் யூத வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. விடுதலையின் நாளில் மலைகள் திராட்சரசமாய் வடியும் என்கிறார் ஆமோஸ் (9:13). எல்லா ஜனங்களுக்கும் கர்த்தர் மலைமேல் விருந்து வைப்பார் என்கிறது ஏசாயா 25. யோவான் எழுதப்பட்ட காலத்தை ஒட்டி வந்த பாருக்கின் இரண்டாம் நூல் என்ற யூத நூலில் கணக்கு இன்னும் மேலே போகிறது: ஒரு கொடியில் ஆயிரம் கிளை, ஒரு கிளையில் ஆயிரம் குலை, ஒரு குலையில் ஆயிரம் பழம், ஒவ்வொரு பழமும் ஒரு கோர் ரசம் தரும். ஒரு கோர் என்பதே இருநூறு லிட்டருக்கு மேல். இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அறுநூறு லிட்டர் என்றதும் எந்த நாள் வந்துவிட்டதாகக் கதை சொல்கிறது என்பது உடனே பிடிபட்டிருக்கும். ஜாடிகள் ஆறு என்பதை வைத்து ‘ஏழு முழுமை, ஆறு குறை’ என்று ஆடும் எண் விளையாட்டுக்கு யோவானில் ஆதாரம் இல்லை, விட்டுவிடலாம்.

மோசேயின் நினைவும் இதில் இருக்கிறது. எகிப்தில் முதல் வாதையாகத் தண்ணீர் இரத்தமானபோது மரப்பாத்திரங்களிலும் கற்பாத்திரங்களிலும் இருந்த தண்ணீர்கூட மாறும் என்று யாத்திராகமம் 7:19 குறிப்பிடுகிறது. மோசேயின் மூலம் நியாயப்பிரமாணம் கொடுக்கப்பட்டது என்று யோவான் முந்தின அதிகாரத்தில்தான் எழுதியிருக்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் ‘கல்’ என்று அவர் குறிப்பிட்டது வெறும் வருணனையாகத் தெரியாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 9-ஆம் வசனம். ரசம் எங்கிருந்து வந்தது என்று பந்திவிசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை. தண்ணீரை மொண்ட வேலைக்காரருக்குத் தெரியும். பந்திவிசாரிப்புக்காரன் மணமகனைக் கூப்பிட்டுப் பாராட்டுகிறான், மணமகனோ ஒன்றும் செய்யாதவன். இயேசு கையை நீட்டவில்லை, ஜெபம் பண்ணவில்லை, தண்ணீரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. மாற்றம் எந்த நொடியில் நடந்தது என்பதும் எழுதப்படவில்லை. மொண்டு கொண்டுபோங்கள் என்றதும் வேலைக்காரர் கையில் எடுத்துப் போனது தண்ணீரா ரசமா என்று வாசகருக்கே தெரியாது. தண்ணீராக இருந்திருந்தால் பந்தியில் மானம் போவது அவர்களுக்குத்தான். தெரிந்தவர்கள் கடைநிலை ஆட்கள், பெயர் வாங்கினவன் வேறொருவன் என்று கதையை அமைத்திருப்பதை ‘கலியாண ஆசீர்வாதம்’ என்ற தலைப்பில் மட்டுமே பிரசங்கிப்பவர்கள் கவனிப்பதே இல்லை.

கடைசியாக, கட்டுரையோடு வெளியான படம். அதில் ஆறு மண்குடங்கள், கழுத்து குறுகல், இருபுறமும் காது. அதற்குள் கைவிட்டு மொள்ள முடியாது. அகழ்வில் கிடைத்த பெரிய கற்சாடிகள் அகன்ற வாயும் அடியில் பீடமும் கொண்டவை, உயரம் 65 முதல் 80 செ.மீ., வெள்ளைச் சுண்ணக்கல். அடுத்த முறை ஓவியரிடம் இதைச் சொல்லி வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேதாகம வகுப்பு நடத்தும் வாசகர்,
பாளையங்கோட்டை